சொசைட்டியார் போட்ட துண்டுகள்

உலகத்தில் உட்காரத் தெரியாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் சொசைட்டியார்தான். மாரிகுப்பத்தில் வண்டி கிளம்பும்போது பெட்டி முழுக்கக் காலியாக இருந்தாலும் அவர் நிற்பார். பதினோரு வருஷம் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் அவரோடு பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவன் நான். அவர் முட்டி மடங்கி நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவை. ஒன்று, அவருடைய செருப்பு வார் அறுந்தபோது. இன்னொன்று, வண்டியில் பாடிக்கொண்டு வரும் எங்கள் பஜனைக் கோஷ்டியின் சுண்டல் பொட்டலம் சீட்டுக்கு அடியில் உருண்டபோது.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று இருந்திருக்கும். ரயில் பாஸில் எழுதியிருக்கும். எங்களுக்குத் தெரியாது. கோலார் தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவரை ‘பெல்லு’ என்று கூப்பிட்டார்கள். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் கிணற்றின் வாயில் நின்று மணி அடிப்பது அவர் வேலை. சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டுக்கு கேஜ் என்று பேர், உள்ளே ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இருக்கும் தளங்களுக்கு லெவல் என்று பேர். கேஜில் ஆள் ஏறியிருந்தால் ஒரு கணக்கு மணி, கல் ஏறியிருந்தால் வேறு கணக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் இன்ஜின் ஓட்டுகிறவர் மெதுவாக விடுவதா வேகமாக விடுவதா என்று முடிவு செய்வார்.

“கல்லு மணிய ஆளுக்கு அடிச்சிட்டா இன்னா ஆவும்ணா?” என்று ஒருதடவை கேட்டேன்.

“கல்லு எம்மாம் வேகத்துல போவுதோ அம்மாம் வேகத்துல நீங்க போவீங்க சாமி. கொடலு மட்டும் ஒரு லெவலு பின்னால வரும்.”

சுரங்கத்தை மூடிவிட்ட பிறகு அவருக்கு பெங்களூரில் ஒரு கல்லூரியில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. அங்கேதான் வினை ஆரம்பமானது. அவருக்குப் போட்ட ஸ்டூல், சோசியாலஜி வகுப்பின் வாசலில் இருந்தது. சமுதாயம் எப்படி நடக்கிறது, ஏன் தகராறு வருகிறது, எதனால் ஏழை ஏழையாகவே இருக்கிறான் என்றெல்லாம் சொல்லித்தருகிற வகுப்பாம். நான் எட்டாவது வரை படித்தவன், அவர் சொல்லித்தான் இப்படி ஒரு படிப்பு இருப்பதே எனக்குத் தெரியும். ஸ்டூலில் உட்காராமல் கதவுக்கு வெளியே நின்றபடி, வருஷா வருஷம் அதே பாடத்தை அவர் கேட்டார். மாணவர்கள் மூன்று வருஷத்தில் பாஸாகிப் போனார்கள். இவர் போகவில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் இவரிடம் வந்து சந்தேகம் கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது. விஷயம் தெரிந்து அந்த வாத்தியாரம்மா இவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்களாம். இவர் உள்ளே போனார். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

அன்றிலிருந்து ‘பெல்லு’ போய் ‘சொசைட்டி’ ஆனார். வாய் திறந்தால் “சொசைட்டின்னா இன்னான்னு நெனச்சீங்க?” என்றுதான் ஆரம்பிப்பார். வயசுக்கு மரியாதை வேண்டுமே என்று நாங்கள் ‘யார்’ சேர்த்தோம்.

அவர் பாடத்தை எனக்கும் ஏற்றப் பார்த்தார்.

“சாமி, கேஜு எப்படி எறங்குது? இன்ஜின் ஓட்றவன், கயிறு பாக்கறவன், கதவு சாத்தறவன், பெல்லு அடிக்கற நானு. ஒருத்தன் வேலைய வுட்டா கேஜு நின்னுடும். ஊரும் அப்படித்தான். குடும்பம், கோயிலு, இஸ்கூலு, போலீசு, ஆளுக்கொரு வேலை. அதனால ஓடுது. இது மொத லெவலு.”

“சரிண்ணா.”

“சரின்னுட்டு அங்கியே நின்னுடாதீங்க. ரெண்டாவது லெவலுக்கு எறங்குங்க. கேஜுல எறங்கனவன் யாரு, பங்களாவுல டீ குடிச்சவன் யாரு? தங்கம் யாரு ஊட்டுக்குப் போச்சு, தூசி யாரு நெஞ்சுக்குப் போச்சு? ஊரு ஓடுதுன்னு சொல்றீங்களே, யாரு முதுகு மேல ஓடுது?”

“மூணாவது?”

“மூணாவது, மணி. இரும்புல இரும்பு இடிக்கற சத்தம், அவ்ளோதான். அதுக்கு ஆளு ஏறிட்டான்னு அர்த்தம் வெச்சது யாரு? நாம. நானூறு பேரு ஒரு சத்தத்த நம்பி பாதாளத்துல எறங்கறான் பாருங்க. அர்த்தம் வெச்சது நாமன்னா மாத்தறதும் நாமதான்.”

இந்த மூன்று லெவலையும் பெரிய பெரிய ஆட்கள் எழுதிவைத்திருக்கிறார்களாம். பேர் கேட்டால், “ஒருத்தரு தாடி வெச்சவரு, ஒருத்தரு மீசை வெச்சவரு, மூணாவது ஆளு போட்டோ இன்னும் காட்டல” என்பார்.

பாடம் சொன்னதோடு விட்டால் பரவாயில்லை. வண்டியிலும் நடத்திக் காட்டுவார். மாரிகுப்பத்திலிருந்து பங்காருப்பேட்டை வரை எங்கள் பஜனைக் கோஷ்டியின் பக்கத்தில் நிற்பார். ஒற்றுமையாக இருக்கிற இடத்தைப் பார்ப்பது முதல் லெவலாம். பங்காருப்பேட்டையில் கூட்டத்தை இடித்துக்கொண்டு கக்கூஸ் பக்கத்துக் கதவோரம் போய், சீட்டு இல்லாதவர்களோடு மாலூர் வரை நிற்பார். அது இரண்டாவது. மாலூரில் மறுபடியும் எல்லார் காலையும் மிதித்துக்கொண்டு நடுவுக்கு வந்து, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், யார் யாரைக் கண்டு முகத்தைத் திருப்புகிறார்கள் என்று பெங்களூர் வரை கவனிப்பார். தினமும் இதே ஊர்வலம். அவருடைய டிபன் பை இடிக்காத மண்டை எங்கள் பெட்டியில் கிடையாது.

“யோவ், ஒரு எடத்துல நில்லுயா! உன் கால்ல சக்கரமா கட்டிவுட்டுகீது?” என்று எங்கள் கோஷ்டியில் டோலக்கு வாசிக்கும் பச்சையப்பன் கத்துவார்.

“ஒரே எடத்துல நின்னா ஒரே மாதிரிதான் தெரியும் பச்சையப்பா. நீ டோலக்குல ஒரு பக்கம் மட்டுமா தட்டற?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி காபி கொடுத்தாள். நின்றபடி குடித்துவிட்டு, “நல்ல குடும்பம். ஆளுக்கொரு வேலை, அதான் ஊடு அமைதியா கீது” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அத்தோடு போகாமல் சமையற்கட்டு வாசலுக்கு நகர்ந்தார். “ஏம்மா, இந்த ஊட்ல கடைசியா சாப்புடறது யாரு?” என்று கேட்டார். என் மனைவி ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் என் வீட்டு முதல் லெவல் இடிந்து விழுந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை இட்லி ஊற்றுவது நான்தான்.

இனி துண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வண்டி மாரிகுப்பத்தில் கிளம்பி சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் வழியாக பங்காருப்பேட்டை போய், அங்கிருந்து பெங்களூர் போகும். முதல் ஸ்டேஷன்காரனுக்கு எல்லா சீட்டும் காலி. அடுத்த ஸ்டேஷன்காரனுக்குக் கொஞ்சம். அப்புறம் ஏறுகிறவனுக்கு ஆண்டவன் விட்ட வழி. ஆகவே முதலில் ஏறுகிறவர்கள், பின்னால் ஏறப்போகிற தங்கள் ஆட்களுக்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். கைக்குட்டை, பேப்பர், சாப்பாட்டுப் பை, எதுவானாலும் செல்லும். எங்கள் பஜனைக் கோஷ்டிக்கு ஏழு துண்டு. போடுகிறவன் நான். குளித்து விபூதி பூசி, ஏழு துண்டையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருவேன். ஜன்னலில் முருகன் படத்தை மாட்டிவிட்டு, ஒவ்வொரு சீட்டிலும் துண்டை விரிப்பேன். நான் பெங்களூரில் ஜவுளிக்கடையில் விற்பனையாளாக இருப்பவன். துணியை ஒரே வீச்சில் விரிக்க எனக்குத் தெரியும்.

அடுத்தவன் துண்டைத் தொடக்கூடாது. இது எங்கள் வண்டியின் சட்டம், எங்கேயும் எழுதிவைத்தது இல்லை. ஒருநாள் யாரோ ஒருவர் கைக்குட்டையைப் போட்டுவிட்டு மறந்து வேறு பெட்டியில் ஏறிவிட்டார். பதினாலு பேர் நிற்க, அந்தக் கைக்குட்டை ஜன்னலோரமாகச் சொகுசாக உட்கார்ந்து பெங்களூர் வரை வந்தது. ஒருவரும் அதை எழுப்பவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் கோதண்டம் வந்தார்.

ஊரிகத்தில் ஏறுவார். வாரத்துக்கு இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும். தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருப்பார். கதவோரம் நிற்பார், கொஞ்ச நேரத்தில் அப்படியே சரிந்து கக்கூஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவார். குடிகாரர் என்று நாங்கள் நினைத்தோம். சட்டை கசங்கியவன் தள்ளாடினால் ஐயோ என்போம். இஸ்திரி போட்டவன் தள்ளாடினால் நேற்று இரவு ஜாஸ்தியோ என்போம்.

தினமும் அந்தக் கதவோரத்துக்குப் போகிற சொசைட்டியாருக்குத்தான் விஷயம் தெரிந்தது. மாலூரில் திரும்பி வரும்போது அவர் முகம் சரியில்லை.

“சாமி, அந்தாளுக்கு கிட்னி ரெண்டும் போச்சு. ரத்தத்த மிசின்ல வுட்டு சுத்தம் பண்ணிகினு வரணும். அதுக்குத்தான் பெங்களூரு போறாரு. நம்ம துண்டு ஏழும் ஜம்முனு குந்திகினு கீது, அவரு கக்கூஸ்கிட்ட குந்திகினு கீறாரு.”

எனக்கு ஜாலராவில் தாளம் தப்பியது.

ஒரு சீட்டைக் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்தோம். அடுத்த வியாழன் நான் எழுந்து கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பச்சையப்பன் முறை. அவர் மாலூர் வரை கொடுத்துவிட்டு, “எனக்கும் முதுகு வலி, யாருகிட்ட போய் சொல்றது” என்றார். அதற்கடுத்த வாரம் யார் முறை என்பதிலேயே சண்டை வந்தது. இன்றைக்கு இவருக்குக் கொடுத்தால் நாளைக்கு மூல வியாதிக்காரன் வருவான், அப்புறம் பஜனைக்கு யார் இருப்பார்கள் என்று பேச்சு. நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, முருகன் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன்.

சொசைட்டியார் முதல் லெவலில் இறங்கினார். “நீங்க கோஷ்டியில வேலை செய்றவனுக்குத்தான துண்டு போடறீங்க? இவருக்கும் ஒரு வேலைய குடுங்க” என்றார். என் ஜாலராவை வாங்கி கோதண்டத்தின் கையில் கொடுத்தார்.

கோதண்டம் வெல்டிங் வேலை செய்தவர். இரும்பை ஒட்டத் தெரிந்த கைக்குத் தாளத்தை ஒட்டத் தெரியவில்லை. டோலக்கு ஒரு பக்கம் போக, ஜாலரா ஊரிகத்திலேயே நின்றது.

“அவரு ஒரு தாளம், நான் ஒரு தாளம்” என்று பச்சையப்பன் கையை எடுத்துவிட்டார். “முருகன் எந்தப் பக்கம்யா வருவாரு?”

இரண்டு வாரம் முயற்சி செய்தார்கள். ஒரு கையில் ஊசி போட்டுப் போட்டு வீங்கியிருந்ததால் ஜாலராவை அழுத்திப் பிடிக்கவும் கோதண்டத்தால் முடியவில்லை. தானே அதைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, “சாமி குத்தம் ஆயிடப் போவுது, வாணாம்ங்க” என்று கதவோரம் போய்விட்டார்.

சொசைட்டியார் பல்லைக் கடித்தார். “பாத்தீங்களா சாமி? மொத லெவல்ல இதான் கோளாறு. ஓடற மிசின்ல வேலை செய்ய முடியாதவனுக்கு எடம் இல்ல.”

அடுத்த வாரமே இரண்டாவது லெவல். கதவோரம் நிற்கிறவர்களையெல்லாம் திரட்டினார். “வண்டி எல்லாருக்கும் பொது. துண்டு யாரு முதுகு மேல குந்திகீது, யோசிங்க” என்று சாம்பியனிலிருந்து கோரமண்டல் வரை பேசினார். செவ்வாய்க்கிழமை காலையில் ஊரிகத்தில் வண்டி நின்றதும், நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எங்கள் துண்டுகள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு நடந்ததை முருகன் படம்தான் முழுசாகப் பார்த்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிரசாதத்துக்கு வாங்கிய இரண்டு சீப்பு வாழைப்பழம் பஞ்சாமிர்தமாகிவிட்டது. டோலக்கில் ஒரு பக்கம் கிழிந்தது. பச்சையப்பன் சொசைட்டியாரின் சட்டையைப் பிடித்தார். “ஏன்டா புத்தர் கோயில்காரா, எங்க பஜனைய கலைக்க வந்தியா?”

“உங்க முருகனுக்கும் எங்க புத்தருக்கும் ஒரு சண்டையும் இல்ல பச்சையப்பா. துண்டுக்கும் மனுசனுக்கும்தான் சண்டை” என்றார் சொசைட்டியார், சட்டை பச்சையப்பன் கையில் இருக்கும்போதே. சொசைட்டியார் வீட்டார் சுரங்கக் காலத்திலேயே புத்த மதத்துக்கு வந்தவர்கள். எங்கள் சுண்டலை மட்டும் பதினோரு வருஷமாக மதம் பார்க்காமல் தின்றவர்.

நின்றவர்கள் ஜெயித்தார்கள். வியாழக்கிழமை காலையில் நான் என் ஏழு துண்டோடு மாரிகுப்பம் போனால், பாதிப் பெட்டியில் புதுப்புதுத் துண்டுகள். ஜெயித்தவர்கள் ஒரு ஆளை ஊரிகத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அனுப்பி, தங்கள் ஆட்களுக்கே இடம் பிடித்துவிட்டார்கள். கோதண்டத்துக்குத் துண்டு போட யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவர் அதே கதவோரம்.

சொசைட்டியார் அன்றைக்கு இடம் மாறவில்லை. பெங்களூர் வரைக்கும் கதவோரமே நின்றார். “ரெண்டாவது லெவல்லயும் தண்ணி பூந்துடுச்சு சாமி” என்றார். குரலில் சிரிப்பு இல்லை.

அன்று கோதண்டம் இறங்கும்போது எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “இனிமே நான் வரலங்க. நின்னுகினு வந்து ஆஸ்பத்திரில படுக்கறதுக்கு ஊட்லயே படுத்துடறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குக் கடை லீவு என்று சொல்வதுபோலச் சொன்னார். அவர் வீட்டில் படுத்தால் எத்தனை நாளைக்குப் படுப்பார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை வரவில்லை. அன்று சாயங்காலம் சொசைட்டியார் அவர் வீட்டைத் தேடிப் போனார். மறுநாள் என்னிடம், “மூஞ்சி ஊதிப் போச்சு சாமி. நாளைக்கு ஒரே ஒரு வாட்டி வாங்கன்னு கையப் புடிச்சு கேட்டுகினு வந்துகீறேன். வரேன்னாரு” என்றார். லெவல் பேச்சே எடுக்காமல் அவர் போனது எனக்குப் பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலையில் நான் பெட்டியில் ஏறினேன். ஏழு துண்டையும் பையிலிருந்து எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றேன்.

பெட்டியில் ஒரு சீட்டுகூடக் காலி இல்லை. ஆள் ஒருவரும் இல்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒவ்வொரு இடத்திலும் ஒரு துணி. வேட்டிக் கிழிசல், புடவைத் துண்டு, தலையணை உறை, ஒரு பாவாடைப் பட்டி.

பச்சையப்பன் வந்தார், பார்த்தார், என் பக்கத்தில் நின்றார். “யாருபா இத்தன பேரு?”

“தெரியலயே. எதனா கல்யாண கோஷ்டியா இருக்கும். பங்காருப்பேட்டையில ஏறுவாங்களோ?”

மாரிகுப்பத்துக்காரர்கள் எல்லாரும் ஏறினார்கள், நின்றார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த ஊரிகத்து ஆளும் நின்றார். சாம்பியனில் ஏறியவர்கள் நின்றார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போகிற ஒரு இளைஞன் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி, “ஏனாய்து குரு, யாரோ மந்திரி வர்றாரா?” என்று பாதிக் கன்னடத்தில் என்ன ஆச்சு என்று கேட்டான். மந்திரிதான் என்று பின்னால் செய்தி போயிற்று. மந்திரி இல்லை, ரயில்வேயில் பெரிய ஆபீசர் குடும்பத்தோடு வருகிறார் என்று திரும்பி வந்தது. குடும்பம் அவ்வளவு பெரிசா என்று ஒருவர் கேட்டார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் பெட்டியில் எல்லாரும் சரிசமமாக நின்றோம், துணிகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. ஒருவர் கையும் ஒரு துணிமேல் படவில்லை. நின்றபடியே பஜனையை ஆரம்பிக்கலாமா என்று பச்சையப்பன் கேட்டார்.

சொசைட்டியார் கதவோரம் நின்று, வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரிகம் வந்தது. கோதண்டம் ஏறினார். ஒரு வாரத்தில் முகம் இரண்டு மடங்காகியிருந்தது. சட்டை மட்டும் இஸ்திரி. படியேறியதற்கே மூச்சு வாங்கியது.

“உள்ள போங்க” என்றார் சொசைட்டியார். “எந்தத் துணி புடிக்குதோ அத்த எடுத்துகினு குந்துங்க.”

கோதண்டம் தயங்கித் தயங்கி எங்கள் நடுவில் வந்தார். முருகன் படம் மாட்டுகிற ஜன்னலோரம், ஒரு மஞ்சள் துணி. அதை எடுத்தார். முகத்தைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார். நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நின்றவர்கள் கழுத்தெல்லாம் அவர் பக்கம் திரும்பியது.

“யாரு துண்டுபா அது?” என்று பச்சையப்பன் கேட்டார்.

“யாருதுன்னு கை தூக்குங்க, எழுந்துக்கச் சொல்றேன்” என்று கதவோரத்திலிருந்து குரல் வந்தது. யாரும் கை தூக்கவில்லை.

பச்சையப்பன் என் பக்கம் திரும்பினார். “சாமி, நீங்க துணிக்கடைக்காரரு. பாத்தா சொல்லிடுவீங்களே. இது யாரு ஊட்டுத் துணி?”

பார்த்தேன். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர், பார்டரில் ரெட்டை வரி. புத்த பூர்ணிமைக்கு சொசைட்டியார் தன் வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தபோது, முப்பது புடவை விரித்துக் காட்டி, கடைசியில் அந்த அம்மா சிரித்த புடவை. நான்தான் மடித்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் நாலு சீட்டுக்கு ஒரு சீட்டில் அதே பார்டர். கதவோரத்தில் அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதர் அசையாமல் நின்றார்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவரைக் கீழே இறக்கிவிட்டு, கோதண்டத்தை எழுப்பிவிட்டு, அத்தனை துணியையும் ஜன்னல் வழியாக வீசியிருப்பார்கள்.

“தெரியலயே பச்சையப்பா” என்றேன். நெற்றியில் விபூதி காயவில்லை. கையில் முருகன் படம். முருகன் முன்னால் நான் சொன்ன பெரிய பொய் அதுதான். அதற்காக இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை.

அப்போது கதவோரம் சத்தம் கேட்டது. சொசைட்டியார் சாவியால் ஜன்னல் கம்பியில் தட்டினார். டங், டங், கொஞ்சம் விட்டு டங். கோஷ்டியில் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர்கள் மூன்று பேருக்கு அந்தக் கணக்கு காதில் விழுந்ததும் உடம்பு தானாக நிமிர்ந்தது.

“ஆளு மணி” என்றார் ஒருவர். “ஆளு ஏறியாச்சு.”

அவர் குனிந்து ஒரு துணியை எடுத்தார், முகத்தைத் துடைத்தார், உட்கார்ந்தார். அடுத்தவர் எடுத்தார். அப்புறம் பெட்டி முழுக்க ஆளுக்கொரு கந்தலை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு அம்மாள் தன் பங்குக்கு வந்த பாவாடைப் பட்டியைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். பங்காருப்பேட்டை வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. கிழிந்த டோலக்கை மீதியிருந்த ஒரு பக்கத்தில் தட்டிக்கொண்டு பச்சையப்பன் பாடினார். கோதண்டம் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

இறங்கும்போது சொசைட்டியாரிடம், “அண்ணி புடவையா அது?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“ஆமாம் சாமி. ஊட்ல வேட்டி பத்தல.”

“அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். நேத்து சாயங்காலத்துலேர்ந்து எங்க ஊடு ரெண்டாவது லெவல்லதான் கீது.”

அத்தோடு துண்டு போடுகிற வழக்கம் ஒழிந்தது என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும். பத்து நாளில் துண்டுகள் திரும்பி வந்தன. ஆனால் கதவை ஒட்டிய இரண்டு சீட்டில் மட்டும் யாரும் போடுவதில்லை, யாரும் அதைப் பேசி முடிவு செய்யவும் இல்லை. முடியாதவர்கள் அங்கே உட்காருவார்கள். கோதண்டம் ஒன்றரை வருஷம் அங்கே உட்கார்ந்து வந்தார். இப்போது ரத்தம் சுத்தம் செய்ய அவருக்கு கோலார் ஆஸ்பத்திரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. பஸ்ஸில் போய்வருகிறார். முகம் பழைய முகமாகிவிட்டது. இஸ்திரி மட்டும் மாறவில்லை. அண்ணிக்கு அதே மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்டர் மட்டும் ஒற்றை வரி. “வெட்டமாட்டாரே?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

சொசைட்டியார் இப்போது வண்டிக்கு வருவதில்லை. இத்தனை வருஷம் நின்ற முட்டி இரண்டும் ஒரே நாளில் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. “உட்கார்ந்தே இருக்கணும்” என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் கொடுத்திருக்க முடியாது. போன வாரம் பார்க்கப் போனேன். வீட்டில் மூன்று நாற்காலி போட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

நான் இப்போதும் தினமும் காலையில் எங்கள் கோஷ்டிக்குத் துண்டு போடுகிறேன். ஏழு இருந்தது எட்டாகியிருக்கிறது. எட்டாவது யாருக்கு என்று பச்சையப்பன் கேட்பதில்லை. சொசைட்டியார் வந்தாலும் அதில் உட்காரமாட்டார், நின்றுகொண்டிருக்கிற யாரையாவது பிடித்து உட்காரவைத்துவிட்டு, எங்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு கதவோரம் போய்விடுவார். அந்த முட்டியோடு அவருக்கு ஏன் அந்தச் சிரமம் என்றுதான், ஊரிகம் வந்ததும் துண்டை நானே எடுத்துவிட்டு, யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன்.